கற்பனைத் தேசத்தின் சரித்திரம்

என் தங்கையின் பேத்தி கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறவள். வந்த மூன்றாம் நாள் இரவு அவள் அறையில் இரண்டு மணி வரைக்கும் விளக்கு எரிந்தது. மறுநாள் காலையில் காப்பி குடிக்க வந்தபோது பார்த்தேன், கண்கள் சிவந்திருந்தன. "என்ன அம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை என் முன்னால் வைத்தாள்.

"தாத்தா, நீங்களும் கதை எழுதுகிறவர்தானே? சொல்லுங்கள். இத்தனை பக்கம் இரண்டு பேரையும் நேசிக்க வைத்துவிட்டு, கடைசியில் அந்தப் பையனைத் தூக்கில் போடுவது என்ன நியாயம்? உண்மைக் கதை என்றாலும் சரி. இது முழுக்கக் கற்பனைத் தேசம். தேசமும் ஆசிரியருடையது, சட்டமும் அவர் எழுதினது. பிழைக்க வைத்திருந்தால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?"

கேள்வி நியாயமானதுதான். கதை எழுதுகிறவர்களுக்கு வாசகர்களின் கோர்ட்டில் நிற்பது புதிதல்ல. ஆனால் வேறொருவர் செய்த கொலைக்கு நான் கூண்டில் ஏறியது இதுவே முதல் தடவை. "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று வாய்தா வாங்கிக்கொண்டேன்.

புத்தகத்தின் பெயர் 'நாட்ஸ் அண்ட் கிராஸஸ்.' காகிதத்தில் ஒன்பது கட்டம் போட்டு, ஒருவர் பூஜ்யமும் மற்றவர் பெருக்கல் குறியும் இட்டு ஆடுவார்களே, அந்தக் குழந்தை விளையாட்டின் பெயர். எழுதியவர் மலோரி பிளாக்மன். 1962-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். பெற்றோர் பார்படோஸ் தீவிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிவந்த கறுப்பர்கள். நாவல் 2001-ல் வெளிவந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் என்று எழுதப்பட்டது. ஆனால் பெரியவர்களும் மறைத்து வைத்துப் படித்தார்கள். பிறகு நாடகமாயிற்று; 2020-ல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

கதை நடக்கும் தேசத்தில் கறுப்பு நிறத்தவர்களே ஆளும் வர்க்கம். அவர்களுக்குக் 'கிராஸ்கள்' என்று பெயர். வெளுத்த நிறத்தவர்கள் ஒரு காலத்தில் அவர்களுக்கு அடிமைகளாக இருந்தவர்கள். அடிமை முறை சட்டத்தில் ஒழிந்துவிட்டது, வாழ்க்கையில் ஒழியவில்லை. அவர்களுக்குப் 'பூஜ்யங்கள்' என்று பெயர். ஆசிரியர் நாவல் முழுவதும் கிராஸ்களைப் பெரிய எழுத்திலும் பூஜ்யங்களைச் சின்ன எழுத்திலும் தொடங்குகிறார். நம் பாஷையில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. ஆகையால் இந்த அவமானத்தைத் தமிழில் மொழிபெயர்க்க முடியாது. எழுத்தில் இல்லையே தவிர, ஒரு மனிதரின் பெயரைச் சொல்லும் தொனியிலேயே அவரைச் சின்னவராக்கிவிடும் வித்தை நமக்குத் தெரியாததல்ல.

ஸெபி என்பவள் கிராஸ் மந்திரியின் பெண். கேலம் என்ற பூஜ்யப் பையனின் தாய் அந்த மந்திரி வீட்டில் வேலை பார்த்தவள். இருவரும் ஒன்றாக விளையாடி வளர்ந்தார்கள். ஒருநாள் தாயை வேலையிலிருந்து நீக்குகிறார்கள். அதன் பிறகு பிள்ளைகள் கடற்கரையில் திருட்டுத்தனமாகச் சந்திக்கிறார்கள். ஓர் அத்தியாயம் அவள் சொல்கிறாள், அடுத்தது அவன் சொல்கிறான். நட்பு காதலாகிறது. அவனுடைய தந்தையும் தமையனும் ஆயுதம் ஏந்திய விடுதலைப் படையில் சேருகிறார்கள், குடும்பம் சிதறுகிறது, அவனும் அதே படையில் போய் விழுகிறான். முடிவில் ஸெபி கர்ப்பவதியாகிறாள். அவன் தூக்குமேடை ஏறுகிறான்.

இதில் டிராகன் இல்லை, மந்திரக்கோல் இல்லை. ஆசிரியர் செய்த மாயம் ஒன்றே ஒன்று: இரண்டு நிறங்களையும் இடம் மாற்றி வைத்தார். மற்றதெல்லாம் சரித்திரம். பேத்தியின் கேள்விக்குப் பதிலும் அந்தச் சரித்திரத்திலேதான் இருக்கிறது.

முதலில் சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். நாவலில் ஒரு பூஜ்யப் பெண்ணின் நெற்றியில் காயம். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிறாள். அந்த பிளாஸ்திரி கரும்பழுப்பு நிறம்; அவளுடைய வெளுத்த நெற்றியில் கறைபோல் துருத்திக்கொண்டு தெரிகிறது. ஸெபி அன்றைக்குத்தான் கவனிக்கிறாள், கடையில் வேறு நிற பிளாஸ்திரியே கிடையாது என்பதை. கிராஸாகப் பிறந்த அவளுக்கு அது அதுவரை கண்ணில் பட்டதே இல்லை. ஏன் படவேண்டும்? அவள் தோலுக்கு அது பொருத்தமாக இருந்ததே!

இங்கிலாந்தில் வளர்ந்த கறுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் இந்த பிளாஸ்திரி பழக்கமானது. அவர்களுக்குக் கிடைத்தது வெளிர் ரோஜா நிறம், அவ்வளவுதான் வித்தியாசம். 'தோல் நிறம்' என்று அதற்குப் பெயர். யாருடைய தோல் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நூறு சொற்பொழிவில் விளங்காததை ஒரு பிளாஸ்திரித் துண்டு விளக்கிவிடுகிறது. வெள்ளைக்கார வாசகன் அந்த இடத்தில் ஒரு கணம் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொள்வான் என்பதில் சந்தேகமில்லை.

இன்னொன்று சரித்திர வகுப்பு. கிராஸ் வாத்தியார் உலகப் பெரியோர்களின் பெயர்களை அடுக்குகிறார். இருதய அறுவை சிகிச்சை செய்தவர், வட துருவப் பயணம் போனவர், இப்படி. அத்தனை பேரும் கிராஸ்கள். பூஜ்யங்களில் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லையா என்று கேலம் மனம் குமைகிறான். வாசகனும் இது ஆசிரியரின் கற்பனைப் பட்டியல் என்றுதான் நினைப்பான். ஆனால் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் என்ற கறுப்பு டாக்டர் 1893-ல் சிக்காகோவில் குத்துப்பட்ட ஒருவனின் மார்பைத் திறந்து, இருதயத்தைச் சுற்றியுள்ள உறையைத் தைத்துப் பிழைக்க வைத்தது நடந்த சம்பவம். 1909-ல் ராபர்ட் பியரியுடன் வட துருவப் பயணத்தில் மாத்யூ ஹென்ஸன் என்ற கறுப்பர் போனதும் நடந்ததே. கற்பனைத் தேசத்து வாத்தியார் பொய் சொல்லவில்லை. நிஜ உலகத்து வாத்தியார்கள்தான் அந்தப் பெயர்களைச் சொல்லாமல் விட்டார்கள். சிறுமியாக இருந்தபோது வகுப்பில் இதைக் கேட்டதற்கு, கறுப்பர்களில் அப்படி யாரும் இல்லை என்ற பதிலே கிடைத்ததாக பிளாக்மன் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலுக்கு அவர் எழுதிய மறுமொழிதான் இந்த அத்தியாயம் போலும்.

அடுத்தது பள்ளிக்கூட வாசல். அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, நான்கு பூஜ்யப் பிள்ளைகளைக் கிராஸ் பள்ளியில் சேர்க்கிறது. முதல் நாள் வாசலில் கூட்டம் கூடிக் கூச்சலிடுகிறது. இந்தக் காட்சியைப் படிக்கும்போது அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரம் நினைவுக்கு வராமல் போகாது.

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1954-ல் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1957 செப்டம்பரில், ஆர்க்கன்ஸா மாகாணத்தின் லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் புறப்பட்டார்கள். செப்டம்பர் 4-ஆம் தேதி எல்லோரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. எலிஸபெத் எக்ஃபர்டு என்ற பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மட்டும் செய்தி எட்டவில்லை. அவள் வீட்டில் டெலிபோன் இல்லை. தானே தைத்த புது உடையை உடுத்திக்கொண்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தன்னந்தனியாக அந்தக் கூட்டத்துக்குள் நடந்தாள். கவர்னர் ஃபாபஸ் நிறுத்தியிருந்த துருப்புகள் அவளை உள்ளே விடவில்லை. பின்னாலிருந்து கூட்டம் ஏசியது. அவள் அழாமல் நடந்து போய் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சியில் உட்கார்ந்தாள். அந்தப் புகைப்படம் உலகமெல்லாம் போயிற்று. கடைசியில் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் ராணுவத்தை அனுப்பினார். செப்டம்பர் 25-ஆம் தேதி சிப்பாய்கள் காவலோடு ஒன்பது பேரும் வகுப்புக்குப் போனார்கள். கவர்னர் அதற்கும் அசரவில்லை. மறு ஆண்டு நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளையே இழுத்து மூடினார். கறுப்புப் பிள்ளைகள் படிப்பதைவிட, தங்கள் பிள்ளைகளும் சேர்ந்து படிக்காமல் இருப்பது மேல் என்று பெற்றோர்களில் பலர் எண்ணினார்கள்!

பிளாக்மன் இந்தக் காட்சியை அப்படியே எடுத்து நிறத்தை மாற்றினார். கூடவே ஒரு முள்ளையும் வைத்தார். கேலத்தைக் காப்பாற்ற ஸெபி ஓடி வருகிறாள். கூச்சலிடும் தன் இனத்தாரைப் பார்த்து, "நீங்கள் பூஜ்யங்களைப் போல நடந்துகொள்கிறீர்களே!" என்ற பொருள்பட, பூஜ்யங்களைக் குறிக்கும் வசைச் சொல்லையே வீசுகிறாள். காப்பாற்ற வந்தவளின் வாயிலிருந்தே அந்தச் சொல்! கூட்டம் அடித்ததைவிட அது அவனை ஆழமாக அடித்துவிடுகிறது. அவள் கெட்டவள் அல்ல. அவள் வளர்ந்த வீட்டில் அந்தச் சொல் தண்ணீர்போல் புழங்கிற்று, அவ்வளவுதான். நல்லவர்களின் வாயில் எந்தச் சொல் தங்கிவிடுகிறது என்பதைப் பார்த்தால், ஒரு சமூகத்தின் நோய் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும்.

இனிக் காதலுக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் வெள்ளையரும் மற்ற நிறத்தவரும் மணந்துகொள்வது குற்றம் என்று 1924-ல் ஒரு சட்டம் இறுக்கப்பட்டது. அங்கே சென்ட்ரல் பாயின்ட் என்ற சிற்றூரில் ரிச்சர்டு லவிங் என்ற கொத்தனாரும், மில்ட்ரெட் என்ற பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். அவன் வெள்ளையன், அவளோ கறுப்பரும் செவ்விந்தியரும் கலந்த வம்சம். 1958 ஜூனில் தலைநகர் வாஷிங்டனுக்குப் போய்ச் சட்டப்படி மணந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். ஜூலையில் ஒரு நள்ளிரவு, போலீஸ் அதிகாரி ஆட்களோடு படுக்கையறைக்குள் புகுந்து முகத்தில் விளக்கடித்தார். சுவரில் மாட்டியிருந்த கல்யாணச் சான்றிதழைக் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்றார்.

ஓராண்டுச் சிறை; இருபத்தைந்து ஆண்டுகள் தம்பதியாக மாகாணத்துக்குள் வராமல் இருந்தால் அந்தச் சிறை இல்லை. இதுதான் தண்டனை. பிற்பாடு அந்த நீதிபதி எழுதிய உத்தரவில், ஆண்டவன் ஒவ்வொரு நிறத்தவரையும் ஒவ்வொரு கண்டத்தில் வைத்ததே கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று காரணம் காட்டினார். அந்தத் தர்க்கப்படி, ஐரோப்பாவுக்கு முதல் கப்பலில் ஏறியிருக்க வேண்டியவர் அந்த நீதிபதியே என்பது அவருக்குத் தோன்றவில்லை!

தம்பதிகள் வாஷிங்டனில் குடியிருந்தார்கள். 1963-ல் மில்ட்ரெட், அப்போது அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த ராபர்ட் கென்னடிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவர் வழிகாட்ட, இரண்டு இளம் வக்கீல்கள் வழக்கை எடுத்துக்கொண்டார்கள். கோர்ட்டில் என்ன சொல்லவேண்டும் என்று வக்கீல் கேட்டபோது, ரிச்சர்டு சட்டம் ஒன்றும் பேசவில்லை. தன் மனைவியைத் தான் நேசிப்பதாகவும், அவளோடு தன் ஊரில் வாழ முடியாதது அநியாயம் என்றும் மட்டும் சொல்லச் சொன்னான். 1967 ஜூன் 12-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தார்கள். அன்றைய தேதியில் 16 மாகாணங்களில் அப்படிப்பட்ட சட்டம் இருந்தது. அலபாமா தன் ஏட்டிலிருந்து அந்த வரியை அழித்தது 2000-ஆம் ஆண்டில்.

கேலமும் ஸெபியும் ஏழை, பணக்காரி. அதற்கு நேர்மாறான ஜோடி ஒன்றும் சரித்திரத்தில் உண்டு. ஆப்பிரிக்காவில் அப்போது பிரிட்டிஷார் பாதுகாப்பில் இருந்த பெச்சுவானாலாந்தில் பாமங்குவாட்டோ மக்களின் இளவரசர் ஸெரெட்ஸே காமா லண்டனில் சட்டம் படித்தார். அங்கே ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயக் குமாஸ்தாப் பெண்ணை 1948 செப்டம்பரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இளவரசர் கறுப்பர், குமாஸ்தா வெள்ளை! அவருடைய மக்கள் முதலில் தயங்கினாலும், 1949-ல் ஸெரோவே நகரத்தில் கூடிய பெரிய சபையில் அவரையே தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். ஏற்காதது பக்கத்து தேசம். தென்னாப்பிரிக்கா அதே 1949-ல்தான் வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் கல்யாணத்தைத் தடுத்துச் சட்டம் செய்திருந்தது. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் தமிழர்களின் பேரப் பிள்ளைகளையும் அந்தச் சட்டமே கட்டிப்போட்டது; 1985 வரை கட்டிப்போட்டது. எல்லையோரத்தில் இப்படி ஒரு தம்பதி ராஜ்யம் ஆளுவதைத் தென்னாப்பிரிக்காவால் சகிக்க முடியவில்லை. அதன் தங்கமும் யுரேனியமும் பிரிட்டனுக்குத் தேவைப்பட்டன. 1950-ல் இளவரசரைப் பேச்சுவார்த்தைக்கென்று லண்டனுக்கு வரவழைத்து, திரும்பிப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆறு ஆண்டுகள் தேசப்பிரஷ்டம். தலைமைப் பதவியைத் துறந்த பிறகே 1956-ல் சாதாரணக் குடிமகனாக மனைவியோடு ஊர் திரும்பினார். ஆனால் காலச் சக்கரம் வேடிக்கையானது. 1966-ல் அந்த நாடு போட்ஸ்வானா என்ற பெயரில் சுதந்திரம் பெற்றபோது, முதல் ஜனாதிபதி அவரே. வெள்ளைக்காரக் குமாஸ்தா அந்த தேசத்தின் முதல் சீமாட்டியானாள்.

இந்த இரண்டு கதைகளையும் பேத்திக்குச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா, தாத்தா! நிஜத்திலேயே ஜெயித்திருக்கிறார்கள். கதையில் மட்டும் ஏன் தோற்க வேண்டும்?" என்றாள்.

நானும் அதைத்தான் யோசித்தேன். லவிங் தம்பதிக்கு வர்ஜீனியா கதவை அடைத்தபோது, சில மணி நேரப் பயணத்தில் வாஷிங்டன் இருந்தது. காமாவுக்கு ஸெரோவே மூடப்பட்டபோது, லண்டனில் ஒரு வீடு இருந்தது. அவமானம்தான், நாடு கடத்தல்தான், ஆனாலும் அங்கே இருவரும் ஒரே கூரையின் கீழ்ப் படுத்து எழுந்தார்கள், குழந்தை வளர்த்தார்கள், காத்திருந்தார்கள். காதலர்களுக்கு வீரத்தைவிடப் பெரிய துணை ஒன்று உண்டு: வேறு ஓர் ஊர். பிளாக்மன் தம் காதலர்களுக்கு அந்த ஊரைத்தான் கொடுக்கவில்லை. ஸெபியும் கேலமும் கண்ட இடமெல்லாம் அதே சட்டம், அதே கண்கள். கேலத்தின் தமக்கை லினெட் ஒரு கிராஸ் இளைஞனை நேசித்தவள். அந்த ஜோடியை அடித்து நொறுக்கி அவள் சித்தத்தைக் கலங்க வைத்தவர்கள் பூஜ்யங்களே. சுவருக்கு இரண்டு பக்கமும் காவல். ஓடுவதற்கு வெளியே ஒன்றும் இல்லாத தேசத்தில் கேலம் பிழைத்திருந்தால்தான் அது மாயக்கதை.

அவர் இப்படி எழுதியதற்கு மூலகாரணமும் ஒரு மரணமே. 1993 ஏப்ரல் 22-ஆம் தேதி இரவு, லண்டனின் எல்தாம் பகுதியில், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பு மாணவனை வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. போலீஸ் விசாரணை குளறுபடியாயிற்று. போலீஸ் ஸ்தாபனத்திலேயே இனத்துவேஷம் ஊறியிருக்கிறது என்று 1999-ல் மாக்ஃபெர்சன் அறிக்கை சொல்லிற்று. கொலையாளிகளில் இருவருக்குத் தண்டனை கிடைக்க 2012 ஆயிற்று. இந்தச் சம்பவமே தம்மை எழுதத் தூண்டியது என்று பிளாக்மன் கூறியிருக்கிறார். ஒரு தாய்க்கு அவள் பிள்ளை திரும்ப வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு எழுத உட்கார்ந்தவர், கற்பனைப் பிள்ளையை மட்டும் சுகமாக வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அது வாசகர்களுக்குக் கொடுத்த மிட்டாயாக இருந்திருக்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பேத்தி சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "அப்படியானால் கதை தோல்வியில்தான் முடிகிறதா?" என்று கேட்டாள்.

"கடைசிப் பக்கத்தை நீ சரியாகப் படிக்கவில்லை" என்றேன்.

கடைசிப் பக்கத்தில் தூக்குமேடை இல்லை. மந்திரியான தந்தை மகளிடம் பேரம் பேசியிருந்தார்: கருவைக் கலைத்துவிட்டால் அவன் கயிற்றிலிருந்து தப்புவான் என்று. அவள் சம்மதிக்கவில்லை. கேலத்தின் மரணத்துக்குப் பிறகு, பத்திரிகையில் வரும் சாதாரணமான பிறப்பு அறிவிப்பு ஒன்றோடு நாவல் முடிகிறது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவள் தந்தையின் குடும்பப் பெயரையே தாங்குவாள் என்று நாலு வரி. காலமான பூஜ்யத் தந்தையின் பெயர் கிராஸ் தாயின் பெயரோடு அச்சில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. யாருக்கும் தெரியாமல் கடற்கரையில் சந்தித்தவர்கள், ஊரறியச் சேர்ந்து நிற்கும் ஒரே இடம் அதுதான்.

பேத்தி புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அந்த நாலு வரியை மறுபடியும் படித்தாள். பிறகு, "தாத்தா, நம் ஊர்ப் பத்திரிகையில் வருகிற கல்யாண விளம்பரங்களை நினைத்துக்கொண்டேன்" என்று மட்டும் சொன்னாள். அன்றைய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை எங்கள் இருவருக்கும் நடுவில், ஜாதி வாரியாகப் பத்தி பிரித்த பக்கம் மேலே தெரியும்படி, மேஜையின் மீது கிடந்தது.